கார் பெயின்றும் தகரமும் குறைபட்டால்: யாழ்ப்பாணத்தில் முறைப்பாடு செய்யும் முழு வழிகாட்டி

“பெயின்ற் சரியில்லை” என்ற ஒற்றை வசனத்தோடுதான் பலரும் முறைப்பாட்டுக்குப் போகிறார்கள். அதற்கு மறுபக்கத்தில் பதில் எப்போதோ தயாராக இருக்கும். “வெயில் அண்ணை.” “உப்புக்காற்று.” “கிணற்றுத் தண்ணியில கழுவியிருப்பியள்.” மூன்றும் யாழ்ப்பாணத்தில் உண்மையாகவே இருப்பதால் மறுத்துப் பேசவும் முடிவதில்லை. பெயின்றின் எந்தப் படை (அடுக்கு) விட்டது, எப்போது விட்டது, அந்தப் படையைப் பூசியது யார் என்று சொல்லத் தெரிந்தவருக்கு மட்டும் அந்தப் பதில் செல்லாது. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைக் கண்டுபிடிப்பது பற்றியது. கடிதமும் அலுவலகமும் அதற்குப் பிறகுதான்.

காரை வாங்கியோ பெயின்ற் அடித்தோ அதிக நாளாகாதவர்கள் முதலில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். “ஒருக்கா பொலிஷ் பண்ணிப் பாப்பம்”, “திருவிழா முடியட்டும்”, “கொழும்புக்குக் கேட்டுச் சொல்லுறம்” என்று இழுபடுகிற நாட்களும் இந்த மூன்று மாதத்துக்குள்தான் ஓடுகின்றன.

படி 1: கழுவி, காலை வெளிச்சத்தில் பாருங்கள்

அழுக்குக் காரில் குறை தேடாதீர்கள். கழுவித் துடைத்து, நிழலில் சூடு ஆற விட்டு, அதற்குப் பிறகு பாருங்கள். உச்சி வெயிலில் கண் கூசும், எந்த நிறமும் ஒத்திருப்பது போலவே தோன்றும். காலை ஏழு மணி வெயில் சரிந்து விழும்போது, காரின் மூலையில் குந்தியிருந்து, கதவுகளின் நீளத்துக்குப் பார்வையை ஓட்டுங்கள். எதிரே மதிலோ மின்கம்பியோ இருந்தால் அதன் நிழலுரு கதவில் ஒரே கோடாக விழும். அந்தக் கோடு ஒரு கதவில் நேராக ஓடி அடுத்த கதவில் நெளிந்தால், நெளிந்த இடத்தில் தகரம் தட்டி எடுத்துப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம்.

அப்புறம் இரவில் ஒரு தடவை ரோச் லைற்றோடு. கராச்சில் கம்பவுண்ட் போட்ட மெஷின் விட்டுப்போன வட்டக் கோடுகளும், அடியில் இருந்த வோட்டர் பேப்பர் (நீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) கீறல்களும் பகலில் ஒளிந்திருந்து, லைற்றைக் கிட்டப் பிடிக்கும்போது எழும்பி வரும்.

வெள்ளைத் திட்டுகளைக் கண்டு, நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற மினுக்கப் படையான “கிளியர் போச்சு” என்று பதறுபவர்கள் அதிகம். எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கழுவியபின் துடைக்காமல் வெயிலில் விட்டால், ஒவ்வொரு துளியும் காய்ந்த இடத்தில் ஒரு வட்டம் மிஞ்சும். கறுப்புக் காரில் பார்க்கவே வேண்டாம். வினாகிரியை அதே அளவு வடித்த நீரில் கலந்து (பற்றரிக்கு விடுகிற நீர் போதும்), துணியில் நனைத்து, நிழலில் ஒரு சிறு இடத்தில் மட்டும் ஒற்றி, நல்ல நீரால் கழுவிவிடுங்கள். வட்டம் போனால் அது சுண்ணாம்புப் படிவு. யாரிடமும் முறையிட ஒன்றும் இல்லை. படிவு போயும் வட்டமாக ஒரு பள்ளம் தெரிந்தால் கிளியரை அது அரித்துவிட்டது. அதுவும் பராமரிப்புக் கணக்கில்தான் போகும். காக்கை எச்சம் வெயிலில் காய்ந்து விட்ட அடையாளமும் அப்படித்தான்.

படி 2: உரிந்த இடத்தின் அடியில் என்ன தெரிகிறது?

இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். முறைப்பாட்டின் பலம் முழுக்க இங்கே இருக்கிறது.

ஆலையில் வெறும் தகரத்தின் மேல் முதலில் மின்சாரத்தில் பிடிக்கவைக்கும் ஒரு அடிப்பிறைமர் (பிறைமர் என்றால் பிடிப்புக்காக அடிக்கும் அடிப்பூச்சு). அதன்மேல் இன்னொரு பிறைமர், அதன்மேல் நிறம், கடைசியாகக் கிளியர். நிறப்படை மெல்லியது. மினுக்கமும் வெயில் தாங்கும் சக்தியும் கிளியருக்குத்தான். எந்த இரண்டு படைகளுக்கு நடுவே பிடிப்பு விட்டது என்பதை உரிந்த இடம் தானே காட்டும். நகத்தால் தோண்டிப் பெருப்பிக்காமல், இருப்பதை வெளிச்சத்தில் பாருங்கள்.

கிளியர் மட்டும் வெண்மையாகத் தோல் உரிந்து, அடியில் நிறம் மங்கலாக அப்படியே இருந்தால், ஒன்றில் பல வருட வெயில், இல்லாவிட்டால் மறுபூச்சில் கிளியரை மெல்லிசாக அடித்திருக்கிறார்கள். இரண்டையும் பிரிக்க வழி உண்டு. வெயில் என்றால் கூரையிலும் பொனற்றிலும் டிக்கியின் மேற்பக்கத்திலும் தொடங்கும். கூரை நன்றாக இருக்க ஒரு கதவு மட்டும் உரிகிறதென்றால், சூரியன் அந்த ஒரு கதவை மட்டும் தேடிப் பிடித்துச் சுட்டது என்று யாரும் வாதாட முடியாது.

தகடு தகடாகப் பெயர்ந்து, அடியில் வெறும் தகரமே வெள்ளியாகப் பளபளத்தால் அது வேறு கதை. அடிப்பிறைமருக்கும் தகரத்துக்கும் இடையில் பிடிப்பு விட்டிருக்கிறது. ஆலைப் பெயின்றே தகடாக உரிவதற்குப் பிரபலமான உதாரணம் ரொயோட்டாவின் 040, 070 ஆகிய இரண்டு வெள்ளைகள். நீண்டகால வெயிலில் அடியில் உள்ள படைகளின் பிடிப்பு தளர்ந்து பெயின்ற் உரிகிறது என்பதை நிறுவனமே ஏற்றுக்கொண்டு, 2019இல் அமெரிக்காவில் சில மொடல்களுக்கு இலவச மறுபூச்சுத் திட்டம் அறிவித்தது. ஜப்பானிலும் சில மொடல்களுக்கு உத்தரவாதக் காலத்தை நீட்டியது. உங்கள் காரின் நிற இலக்கம் கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ உள்ள சிறு தகட்டில் இருக்கும். ரொயோட்டா என்றால் “சி/டிஆர்” என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் பாருங்கள். அந்தத் திட்டங்கள் அந்தந்த நாட்டுக் கார்களுக்கானவை. ஜப்பானில் பாவித்து இறக்கி இங்கே ஓடும் மறுசீரமைப்புக் (ரீகண்டிஷன்) காருக்கு அவற்றை உரிமையாகக் கேட்க முடியாது. ஆனாலும் “நீங்கள் பராமரிக்காததால்தான் உரிந்தது” என்று யாராவது சொன்னால் எடுத்துக்காட்ட அது நல்ல ஆதாரம்.

அடியில் வேறொரு நிறமோ, மஞ்சளாகவோ சாம்பலாகவோ தடித்த பட்டியோ தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கார் ஏற்கனவே கராச்சில் படுத்தெழும்பியது.

கொப்புளங்கள் கொஞ்சம் தந்திரமானவை. தகரத்தில் எழும்பிய கொப்புளத்தைக் குண்டூசியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மண்ணிறத் தூள் வந்தால் கறள். ஊர்காவற்றுறை, காரைநகர், பருத்தித்துறை, குருநகர்ப் பக்கம் நிற்கும் கார்களிலும், பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் தினமும் போய்வரும் கார்களிலும் சக்கர வளைவின் விளிம்பிலும் கதவின் அடி மடிப்பிலும் இது முதலில் தெரியும். கறள் இல்லாமல் ஈரமோ வெறும் வெற்றிடமோ இருந்தால், பெயின்ற் அடித்த நாளில் மேற்பரப்பு சுத்தமாகவோ காய்ந்தோ இருக்கவில்லை.

பிளாஸ்டிக் பம்பரில் கொப்புளம் வந்தாலோ பெயின்ற் பிளாஸ்ரர் போல உரிந்தாலோ கறளைச் சாட்டவே முடியாது. பிளாஸ்டிக்குக்கான பிறைமரை விட்டுவிட்டு நேரே நிறத்தை அடித்தால் வரும் விளைவு அது. கராச்சோடு வாதாட இதைவிடச் சுலபமான குறை கிடையாது.

மேற்பரப்புக் குறைகளில் தோடம்பழத் தோல் போன்ற மேடுபள்ளம் எல்லாக் கார்களிலும் கொஞ்சம் உண்டு, ஆலைப் பெயின்றிலும்கூட. பக்கத்துக் கதவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. வழிந்து உறைந்த கோடு, தூசி மணி, மீன்கண் போன்ற வட்டக் குழி, மழைக்கால ஈரத்தில் வந்த பால் போன்ற மங்கல், இவை எல்லாம் அடித்தவரின் கணக்கு. நிறம் ஒவ்வாததும் அப்படியே. ஆனால் பேர்ள் வெள்ளையை ஒரு கதவில் மட்டும் அடித்து எல்லாப் பக்கத்தாலும் ஒப்பாக்குவது நல்ல கைக்கும் கஷ்டம் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதில் வெள்ளை, அதன்மேல் முத்துப்படை, அதன்மேல் கிளியர் என மூன்று நடை உண்டு. முத்துப்படை ஒரு கை கூடினாலும் நிறம் மாறும்.

படி 3: மறுபூச்சா என்று உறுதிசெய்யுங்கள்

பெயின்ற் தடிப்பு அளக்கும் சிறு கருவி வாகனம் பார்த்துக் கொடுப்பவர்கள் சிலரிடம் உண்டு. இரவல் கிடைத்தால் விடாதீர்கள். ஆலைப் பெயின்ற் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்குரோனுக்குள் (மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒன்று ஒரு மைக்குரோன்) நிற்கும். 200, 300 என்று ஏறினால் மேலே இன்னொரு பூச்சு விழுந்திருக்கிறது. 500ஐத் தாண்டினால் அடியில் பட்டி. ஆயிரம் காட்டும் இடத்தில் நல்ல அடி வாங்கியிருக்கிறது. ஒரு இலக்கத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒவ்வொரு பகுதியிலும் ஐந்தாறு இடங்களில் வைத்து, இடதையும் வலதையும் ஒப்பிட்டு எழுதுங்கள்.

கருவி இல்லையா? மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் பட்டியின் மேல் வழுக்கி விழும். ஒன்று கவனம்: பிறியஸ் போன்ற சில கார்களில் பொனற் அலுமினியம். சில மொடல்களில் மட்காட்டோ பின்கதவோ பிளாஸ்டிக். அங்கே காந்தம் ஒட்டாததை வைத்து யாரையும் கள்ளன் ஆக்கிவிடாதீர்கள்.

காசு செலவில்லாத சோதனை கதவு றப்பர். கதவோரத்து றப்பரை விரலால் மெல்ல மடித்து, அதன் அடியில் பாருங்கள். ரேப் ஒட்டி அடித்திருந்தால் அங்கே விரல்நகத்துக்குத் தட்டுப்படும் ஒரு விளிம்பு இருக்கும். றப்பரிலேயே நிறத் தூவல் ஒட்டியிருப்பதும் உண்டு. பொனற்றையும் மட்காட்டையும் பூட்டிய போல்ற் தலைகளில் பெயின்ற் உடைந்து, ஸ்பானர் பிடித்த அடையாளம் தெரிந்தால் அந்தத் துண்டு கழன்று பூட்டப்பட்டிருக்கிறது.

ஜப்பானிலிருந்து வந்த காருக்கு ஏலத் தாள் (அங்கே ஏலத்தில் விற்றபோது காரின் நிலையைக் குறித்த தாள்) கேளுங்கள். அதில் காரின் படத்தின் மேல் ஆங்கில எழுத்தும் இலக்கமுமாகக் குறித்திருப்பார்கள். ‘ஏ’ என்றால் கீறல், ‘யூ’ நெளிவு, ‘பி’ கீறலோடு நெளிவு, ‘டபிள்யூ’ திருத்திப் பூசிய அலை, ‘எஸ்’ கறள், ‘சி’ அரிப்பு, இரட்டை ‘எக்ஸ்’ மாற்றிய துண்டு. பக்கத்து இலக்கம் கூடக் கூடக் குறையும் பெரிது. தரம் ‘ஆர்’ என்றோ ‘ஆர்ஏ’ என்றோ இருந்தால் விபத்துத் திருத்தம் நடந்த கார். இதில் என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. வாகன இறக்குமதி 2020இல் நின்று, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்த பிறகு வந்த காருக்கு, “ஏலத் தாள் தொலைஞ்சு போச்சு” என்று விற்பனையாளர் சொன்னால் அந்தக் காரை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். பழைய காருக்கு அது தொலைந்திருக்கலாம். தாளைப் பார்க்கும்போது செசி இலக்கம் உங்கள் காருடையதுதானா என்றும் சரிபாருங்கள். அழகான தாள் ஒன்றை வேறு காருக்குக் காட்டுவது புதுசல்ல.

படி 4: எந்தக் கதவைத் தட்டுவது?

அங்கீகாரம் பெற்ற முகவரிடம் புதுக் கார் வாங்கியவர்கள் உத்தரவாதப் புத்தகத்தை எடுத்து, பெயின்ற் பற்றிய பகுதியையும் கறள் பற்றிய பகுதியையும் தனித்தனியே வாசியுங்கள். இரண்டுக்கும் காலம் பெரும்பாலும் வேறு வேறு. கறள் உத்தரவாதம் பல இடங்களில், உள்ளிருந்து வெளியே தகரம் ஓட்டை விழுந்தால் மட்டும் செல்லும். கல் தெறித்த புள்ளி, பறவை எச்சம், மரப்பால் எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கும். காரைக் கையேற்கும் நாளில் கண்ணுக்குத் தெரிந்த குறையைக் கையேற்புத் தாளிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்து வையுங்கள். 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் போக்கு அப்படி. பொருளைப் பரிசோதித்து வாங்கியவர், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்காகப் பிறகு வந்து நிற்பது கஷ்டம். மறைந்திருந்த குறை வேறு விஷயம்.

மறுசீரமைப்புக் கார் என்றால் உங்களுக்கு விற்ற வியாபாரிதான் பொறுப்பு. ஜப்பானிய உற்பத்தியாளரின் உள்நாட்டு உத்தரவாதம் இங்கே வராது. வியாபாரி என்ன சொல்லி விற்றார் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். “ஒறிஜினல் பெயின்ற்”, “டச்சப் இல்லை” என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை இன்றே படம் எடுத்து வையுங்கள். முறைப்பாடு என்று வந்தவுடன் விளம்பரம் மறைந்துவிடும்.

தனியாளிடம், தரகர் மூலம் வாங்கியதென்றால் பாவனையாளர் சட்டம் அதிகம் உதவாது. அவர் வியாபாரி அல்ல. பொய் சொல்லி விற்றதற்கு எழுத்தோ குரல்பதிவோ இருந்தால் மத்தியஸ்த சபை, அதற்கு மேல் நீதிமன்றம்.

காப்புறுதி கொடுத்த பணத்தில் நடந்த வேலையென்றால், கராச்சை யார் தெரிவுசெய்தது என்று பாருங்கள். காப்புறுதி நிறுவனமே தன் கராச்சுக்கு அனுப்பியிருந்தால் முறைப்பாட்டை நிறுவனத்துக்கே எழுதுங்கள். நீங்கள் தெரிந்தெடுத்த கராச் என்றால் முதலில் கராச். கறளும் இயல்பான தேய்மானமும் காப்புறுதிக்குள் வராது, அதற்காக அலைய வேண்டாம்.

உங்கள் காசில் ரிங்கரிங் (தகரம் தட்டும் வேலை), பெயின்ற் செய்ததென்றால் கராச் முதலாளி. சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், பாவிக்கும் பொருளும் வேலைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பது பாவனையாளர் சட்டத்திலேயே உண்டு.

இங்கே யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு தடையைச் சொல்ல வேண்டும். கராச்காரர் மச்சானின் சிநேகிதன், கார் விற்றவர் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், பில் கேட்டால் முகத்தை முறித்தது போலாகிவிடும். அதனால் லட்சக்கணக்கில் வேலை செய்துவிட்டு கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் வருகிறோம். பில் கேட்பது அவமதிப்பு அல்ல. கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. கேட்க வெட்கமாக இருந்தால் “ஒஃபிசில காட்டோணும் அண்ணை” என்று சொல்லுங்கள், யாரும் கோபிப்பதில்லை.

படி 5: ஆதாரம் சேர்ப்பது

ஒவ்வொரு குறைக்கும் மூன்று படம்: முழுக் காரும் இலக்கத் தகடும் தெரிகிற ஒன்று, அந்தப் பகுதி மட்டும் ஒன்று, கிட்டப் பிடித்தது ஒன்று. கிட்டப் படத்தில் அடிமட்டமோ நாணயமோ வைத்தால் அளவு புரியும். நிற வித்தியாசத்தைக் காட்ட, இரண்டு பகுதிகளும் சேரும் இடத்தை ஒரே படத்துக்குள், நிழலில் எடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை ஆதாரமாக நம்பவேண்டாம், அதில் தெளிவும் திகதி விவரமும் குறைந்துவிடும். மூலப் படம் போனிலேயே இருக்கட்டும், மின்னஞ்சலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

உரிந்து விழுந்த பெயின்ற் துண்டு இருந்தால் சிறு பொலித்தீன் பையில் போட்டு, திகதி எழுதி வையுங்கள். அதன் ஓரத்தைப் பார்த்தே எத்தனை படை என்று அனுபவமுள்ள பெயின்ரர் சொல்லிவிடுவார். தொடர்பில்லாத வேறொரு கராச்சில் எழுத்து எஸ்ரிமேற் ஒன்று எடுங்கள். அதில் திருத்தச் செலவோடு, “முன்னர் பட்டி வைத்துப் பூசப்பட்ட கதவு” என்ற மாதிரி ஒரு வரி காரணமும் எழுதித் தரக் கேளுங்கள். அந்த ஒரு வரிக்குத்தான் பெறுமதி.

முடியும் வரை குறையைத் தொடாதீர்கள். யாராவது “ஒருக்கா கட் அண்ட் பொலிஷ் போட்டா சரி” என்றால், ஆதாரமும் போகும், மெல்லிய கிளியரில் இன்னும் கொஞ்சமும் போகும்.

படி 6: முதலில் பேச்சு, உடனே கடிதம்

நேரில் போய்ப் பேசுங்கள், சத்தம் வேண்டாம். வேலை நேரத்தில், வாடிக்கையாளர் நிற்கும்போது கத்தினால் மறுபக்கம் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்க்கும். அநேகமாக உரையாடல் இப்படிப் போகும்:

“அண்ணை, இந்தக் கதவு மற்றதோட ஒத்துவரேல்ல.”

“புதுப் பெயின்ற் அப்பிடித்தான் தம்பி. ஒரு மாசம் வெயில் படட்டும், தானா வந்திடும்.”

“சரி அண்ணை. ஒரு மாசத்தில வராட்டி திருப்பி அடிச்சுத் தாறன் எண்டு பில்லுக்குப் பின்னால எழுதித் தாங்கோ.”

நிறம் தானாக வராது. ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்து காய்ந்த பெயின்ற், பக்கத்துக் கதவைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. அதை அவரும் அறிவார். எழுதித் தந்தால் நல்லது, மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். அன்றே கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். கோபமும் அடைமொழியும் இல்லாமல், இந்த அளவில்:

“வாகன இலக்கம், செசி இலக்கம், வாங்கிய திகதி, பற்றுச்சீட்டு இலக்கம் மேலே தரப்பட்டுள்ளன. இடது பின்கதவின் கீழ்ப்பகுதியில் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் நீளத்துக்குக் கிளியர் உரிந்துள்ளது. அக்கதவில் பெயின்ற் தடிப்பு 310 முதல் 420 மைக்குரோன். வலது பின்கதவில் 105 முதல் 120. விற்பனையின்போது இவ்வாகனம் மறுபூச்சு செய்யப்படாதது எனத் தங்கள் விளம்பரத்தில் தெரிவிக்கப்பட்டது (இணைப்பு 2). கதவை முறையாக மறுபூச்சு செய்து தருமாறு, அல்லது இணைப்பு 3இல் உள்ள மதிப்பீட்டுத் தொகையைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். 14 நாட்களுக்குள் எழுத்துமூலப் பதிலை எதிர்பார்க்கிறேன்.”

இலக்கங்கள் உங்களுடையவையாக இருக்கட்டும். என்ன வேண்டும் என்பதை ஒரே வசனத்தில் சொல்லுங்கள். “தகுந்த நடவடிக்கை எடுக்கவும்” என்று முடிக்கும் கடிதத்துக்கு அவர்கள் தங்களுக்குத் தகுந்த நடவடிக்கைதான் எடுப்பார்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். முகவரின் கிளை யாழ்ப்பாணத்திலும் தலைமை அலுவலகம் கொழும்பிலும் என்றால் இரண்டுக்கும் அனுப்புங்கள். கிளை முகாமையாளருக்குப் பெயின்ற் உத்தரவாதத்தில் கையெழுத்திடும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. அவரோடு சண்டை பிடிப்பது நேர விரயம்.

படி 7: பதில் வராவிட்டால்

விற்பனையாளர், முகவர், கராச் மீதான முறைப்பாட்டுக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை. அதன் யாழ் மாவட்ட அலுவலகம் கச்சேரியில், மாவட்டச் செயலகத்துக்குள் இருக்கிறது. விவரம் கேட்க 1977க்கு அழைக்கலாம். ஆனால் போனில் சொன்னதோடு நிற்காமல் எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்ட முத்திரையோடு ஒரு பிரதி எடுங்கள். மூன்று மாதம் அந்த முத்திரைத் திகதியில்தான் பார்க்கப்படும். பில், உத்தரவாதப் புத்தகம், கடிதப் பிரதி, பதிவுத் தபால் துண்டு, படங்கள், எஸ்ரிமேற், அடையாள அட்டைப் பிரதி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் இலக்கமிட்டுக் கொண்டுபோங்கள். பொருள் உத்தரவாதத்துக்கு ஒத்துவரவில்லை என்று விசாரணையில் தெரிந்தால் நட்டஈடு, மாற்றுப் பொருள், பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் என்று உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. நடைமுறையில் பல விஷயங்கள் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசும் நாளிலேயே முடிந்துவிடும். அன்றைக்குக் காரையும் கொண்டுபோங்கள்.

காப்புறுதி நிறுவனத்தின் பதிலில் திருப்தி இல்லையென்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு (காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுவர்) எழுதலாம், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் அறிவிக்கலாம். முதலில் நிறுவனத்துக்கு எழுதி அதன் பதிலைப் பெற்றிருக்க வேண்டும்.

மத்தியஸ்த சபைகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்குபவை. தெரிந்த ஆட்களுக்கிடையிலான கராச் பிணக்குக்கு என்னைக் கேட்டால் இதுதான் நல்ல இடம். வக்கீல் செலவில்லை, உறவும் முறியாது, தீர்வு எழுத்தில் வரும். பெரிய தொகையென்றால் சட்டத்தரணியிடம் போங்கள். நான்கு கதவு கறளுக்காக மாவட்ட நீதிமன்றம் போவது கணக்குக்குக் கட்டாது.

படி 8: திருப்பி அடித்துத் தர ஒத்துக்கொண்டால்

எப்போது அடிப்பது என்பதும் பேச்சில் வரட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரக்காற்று கிளியரைப் பால் பாய வைக்கும். சோளகம் வீசும் மாதங்களில், திறந்த கொட்டகைக்குள் தூசி வந்து ஒட்டாமல் எந்தக் கையும் அடிக்க முடியாது. மூடிய, சூடேற்றும் அறை உள்ள கராச் என்றால் காலம் பார்க்கத் தேவையில்லை. 60 பாகை செல்சியஸ் அளவில் அரை மணித்தியாலம் வைத்து எடுப்பார்கள். தகரக் கொட்டகைதான் என்றால் மாசி, பங்குனி பார்த்துக் கொடுங்கள். முறைப்பாட்டைத் தள்ளிப்போடாமல், வேலையை மட்டும் எழுத்து ஒப்பந்தத்தோடு தள்ளிப்போடலாம்.

குறையுள்ள பெயின்றின் மேலேயே இன்னொரு கோட் போட விடாதீர்கள். விட்டுப்போன படை வரை உரித்து எடுக்க வேண்டும். கறள் என்றால் வெறும் தகரம் வரை. உரித்த நிலையில் ஒரு நாள் போய்ப் பார்க்கப் போவதாக முன்பே சொல்லி வையுங்கள். போய்ப் பார்க்காவிட்டாலும் அந்தச் சொல்லுக்கே பலன் உண்டு. நிற இலக்கத்தின்படி கலந்து, முதலில் சிறு தகட்டில் அடித்துக் காயவைத்து, காரோடு வெயிலிலும் நிழலிலும் பிடித்துப் பார்க்கக் கேளுங்கள். மெற்றாலிக், பேர்ள் என்றால் பக்கத்துப் பகுதிக்குள்ளும் நிறத்தைக் கரைத்து இழுக்க வேண்டி வரும். “மற்றக் கதவிலும் ஏன் அடிக்கிறீர்கள்” என்று அங்கே சண்டை பிடிக்காதீர்கள். கிளியரும் ஹார்டனரும் சேர்த்து அடிக்கும் இரு கலவைப் பெயின்றா என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். வெறும் தின்னரில் கரைக்கும் மலிவுப் பெயின்ற் எங்கள் வெயிலில் சீக்கிரமே வெளிறிவிடும். நிறத்தையே மாற்றுவதாக இருந்தால் வாகனப் பதிவிலும் மாற்ற வேண்டும்.

காரை எடுக்கப் போவது காலையாக இருக்கட்டும். பின்னேரம் ஆறு மணிக்கு, கராச்சின் ரியூப் லைற்றுக்குக் கீழே பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். கண்ணாடி றப்பர், லைற், ரயர் எல்லாவற்றிலும் தூவல் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். முதல் சில வாரங்கள் மெழுகு பூச வேண்டாம், பெயின்ற் இன்னும் உள்ளே காய்ந்துகொண்டிருக்கும். கோயிலில் பூசை செய்தால் பொனற்றில் அப்பிய சந்தனத்தைக் காய்ந்த பிறகு துணியால் தேய்க்காமல் நீர் விட்டு ஊறவைத்துக் கழுவுங்கள்.

“முறைப்பாடு முழுமையாகத் தீர்ந்தது” என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அதன் கீழே, “இன்றைய திகதியில் பார்த்த அளவில் திருப்தி. ஒரு வருடத்துக்குள் இதே கதவில் உரிதல், கொப்புளம், நிறம் மங்கல் ஏற்பட்டால் கட்டணமின்றித் திருத்தித் தரப்படும்” என்று கையால் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, பிரதியை வாங்கிய பிறகு சாவியை எடுங்கள்.